மலையில் சிறிய திருமணம்

பத்து முதல் இருபது பேர் வரை கூடி, மண்டபமும் மேளமும் இல்லாமல், மலையில் திறந்த வெளியில் நடத்தும் திருமணத்துக்கு மூன்று விஷயங்கள் அமைய வேண்டும்: சட்டப்படி செல்லுபடியாகும் சடங்கு, உரிமையாளர் சம்மதித்த இடம், மழை வந்தால் ஒதுங்க ஒரு கூரை. இவற்றில் முதலாவது எளிது. தமிழ்நாட்டுச் சட்டம் புரோகிதரையும் கேட்பதில்லை, மண்டபத்தையும் கேட்பதில்லை. மலைதான் நிறையக் கேட்கும். ஆகவே இந்த அத்தியாயம் சட்டத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு இடம், பருவம், உடை, நாள் வரிசை, பாதுகாப்பு ஆகியவற்றை விரிவாகப் பார்க்கிறது. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை ஆகிய மலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டாலும், வரிசை எந்த மலைக்கும் பொருந்தும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: எந்தச் சட்டம்

மணமக்கள் இருவரும் இந்துக்கள் என்றால் வழி நேரானது. இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் கொண்டுவந்த திருத்தம் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. சுயமரியாதைத் திருமணம், சீர்திருத்தத் திருமணம் என்று எந்தப் பெயரில் நடந்தாலும், உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் கீழுள்ளவற்றில் ஏதேனும் ஒன்று நடந்தால் திருமணம் செல்லும்.

1. இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில், ஒருவரை ஒருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாகச் சொல்வது.
2. மாலை மாற்றிக்கொள்வது, அல்லது விரலில் மோதிரம் அணிவிப்பது.
3. தாலி கட்டுவது.

மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது போன்ற மற்ற நிபந்தனைகள் இதற்கும் உண்டு. ஊரறிய நடக்காத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் சொல்லியிருந்தது. இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் அதை ஏற்கவில்லை. எனவே தேயிலைத் தோட்டத்து முற்றத்தில் சில நண்பர்கள் முன்னால் மாலை மாற்றிக்கொண்டாலும் அது முழுமையான திருமணமே.

இருவரும் வெவ்வேறு மதத்தவர் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் பொதுவான வழி. திருமண அலுவலரிடம் அதற்கான நோட்டீஸைக் கொடுப்பதற்கு முன் இருவரில் ஒருவராவது அவருடைய மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். நோட்டீஸ் வெளியான பின் 30 நாள் காத்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். திருமண நாளில் மூன்று சாட்சிகள் தேவை. கூடுதல் கட்டணம் செலுத்தினால் அலுவலகத்துக்கு வெளியேயும் நடத்தலாம் என்றாலும், இடம் அலுவலகத்திலிருந்து நியாயமான தொலைவுக்குள் இருக்க வேண்டும். சென்னையில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அலுவலரைக் கொடைக்கானலுக்கு வரவழைக்க முடியாது. சொந்த ஊர் அலுவலகத்தில் கையெழுத்தை முடித்துவிட்டு, மலையில் சடங்கை மட்டும் வைத்துக்கொள்வது தலைவலி இல்லாத ஏற்பாடு.

கிறிஸ்தவ முறையில் செய்ய விரும்புவோர் பங்குக் குருவிடமோ போதகரிடமோ முதலில் பேச வேண்டும். தேவாலயத்துக்கு வெளியே திருமணம் நடத்த எல்லாச் சபைகளும் ஒப்புவதில்லை.

*குறிப்பு:* உறுதிமொழியை மணமக்களே எழுதிக்கொள்ளும்போது அது அழகான வரிகளாக மட்டும் நின்றுவிடுவது உண்டு. ‘உன்னை என் மனைவியாக ஏற்கிறேன்’, ‘உங்களை என் கணவராக ஏற்கிறேன்’ என்ற நேரடி வாக்கியம் இருவர் வாயிலிருந்தும் வர வேண்டும். மற்றவை அதற்கு முன்னாலோ பின்னாலோ எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம்.

வீட்டில் எதிர்ப்பு இருந்தால்

வீட்டார் சம்மதம் இல்லாத திருமணத்துக்கு, அதிலும் மிரட்டல் இருக்கும்போது, ஒதுக்குப்புறமான மலை நல்ல இடமல்ல. ஒரே சாலை, பலவீனமான செல்போன் சிக்னல், தொலைவில் காவல் நிலையம் ஆகிய மூன்றும் மணமக்களுக்கு எதிராகவே வேலை செய்யும். இந்நிலையில் வரிசை மாற வேண்டும்.

1. முதலில் காவல் கண்காணிப்பாளரிடம் எழுத்துமூலம் பாதுகாப்புக் கோருவது. சாதி மறுப்புத் திருமணம் செய்வோரின் புகார்களைப் பெற ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் அடங்கிய சிறப்புப் பிரிவு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உத்தரவிட்டது. மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.
2. நகரத்திலேயே, ஆட்கள் சூழ, திருமணத்தை முடித்துப் பதிவு செய்வது.
3. நிலைமை அடங்கிய பிறகு மலைக்குப் போய்க் கொண்டாடுவது.

அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவி எண் 181.

எந்த மலை, எந்த மாதம்

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரி காயும் பகலில் உதகையில் 17, 18 இருக்கும். உடை, நேரம், விருந்தினர் வயது எல்லாவற்றையும் இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

- உதகை (சுமார் 2,240 மீட்டர்): தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. டிசம்பர், ஜனவரி விடியலில் புல்வெளியில் உறைபனி படியும். வெயில் ஏறியபின் வானம் தெளிவாக இருக்கும்.
- குன்னூர், கோத்தகிரி (சுமார் 1,800 மீட்டர்): உதகையைவிடக் குளிர் குறைவு. தேயிலைத் தோட்ட விடுதிகள் அதிகம். வயதானவர்கள் வருவதாக இருந்தால் இவையே மேல்.
- கொடைக்கானல் (சுமார் 2,100 மீட்டர்): அக்டோபர், நவம்பரில் கனமழை. பிற்பகலில் மூடுபனி ஏறிவிடும்.
- ஏற்காடு (சுமார் 1,500 மீட்டர்): சேலத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். இதமான குளிர்.
- வால்பாறை (சுமார் 1,000 மீட்டர்): 40 கொண்டை ஊசி வளைவுகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை விடாத மழை. அந்த மாதங்களில் திறந்த வெளித் திருமணத்தை நினைக்கவே வேண்டாம்.

மொத்தத்தில் ஜனவரி நடுப்பகுதி முதல் மார்ச் முதல் வாரம் வரை பெரும்பாலான மலைகளுக்கு நல்ல காலம். பொங்கல் விடுமுறையைத் தவிர்க்க வேண்டும். ஏப்ரலும் மேயும் சீசன். அறைக் கட்டணம் ஏறும், சாலை அடைபடும், பிற்பகலில் இடி மழையும் வரும். வாரநாளில், அதிலும் செவ்வாய் முதல் வியாழன் வரை, கூட்டம் குறைவு. முகூர்த்த நாள் பார்ப்பவர்கள் அந்த நாளில் பூ விலையும் வண்டி வாடகையும் கூடும் என்பதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

வனத்துறை நிலத்தில் திருமணம் நடத்தத் திட்டமிடுவது முதல் தவறு. சோலையும் புல்வெளியும் பெரும்பாலும் காப்புக்காட்டில் இருப்பவை. அனுமதியின்றி நுழைவதே குற்றம். சுற்றுலாக் காட்சிமுனைகளில் தடை இல்லாத இடத்திலும் அமைதி கிடைக்காது. தனியார் தோட்டம், விடுதிப் புல்வெளி, தங்கும் வீட்டின் முற்றம் ஆகியவையே சரியான இடங்கள்.

1. நிலம் விடுதிக்காரருடையதுதானா, குத்தகையா, அருகில் காப்புக்காட்டு எல்லை எங்கே தொடங்குகிறது என்று கேட்பது.
2. சடங்கு நடக்கும் அதே நேரத்தில் இடத்தை ஒருமுறை போய்ப் பார்ப்பது. காலை ஒன்பது மணி வெயிலில் பார்த்த இடம் மாலை நான்கு மணிக்கு மலை நிழலில் இருண்டு கிடக்கும்.
3. வண்டி நிற்கும் இடத்திலிருந்து நடந்து பார்ப்பது. பட்டுச்சேலையில் நடக்க 200 மீட்டருக்கு மேல் வேண்டாம். வயதானவர் இருந்தால் படிகளை எண்ணிக்கொள்ள வேண்டும்.
4. சரிவும் விளிம்பும் பார்ப்பது. நிற்கும் இடம் சமதளமாகவும், பள்ளத்தின் விளிம்பிலிருந்து குறைந்தது பத்தடி உள்ளேயும் இருக்க வேண்டும்.
5. கூரை பார்ப்பது. இருபது பேரும் நாற்காலியோடு ஒதுங்கக்கூடிய வராந்தாவோ கூடமோ இரண்டு நிமிட நடையில் இல்லையென்றால் அந்த இடம் வேண்டாம்.
6. கழிப்பறை, உடை மாற்ற அறை, குடிநீர், செல்போன் சிக்னல் ஆகிய நான்கையும் நேரில் சோதிப்பது.
7. காட்டுமாடும் யானையும் வரும் வழியா என்று தோட்டத் தொழிலாளர்களிடம் கேட்பது. உரிமையாளரைவிட அவர்களுக்குத்தான் இது துல்லியமாகத் தெரியும்.
8. உயரமான மரங்களிலும் பாறை முகட்டிலும் மலைத்தேன் கூடு தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்ப்பது.

*குறிப்பு:* விடுதியோடு பேசியதைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது நல்லது. தேதி, நேரம், ஆள் எண்ணிக்கை, முன்பணம், மழை பெய்தால் எந்த அறை, ரத்தானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற ஆறும் அதில் இருக்க வேண்டும். ‘பார்த்துக்கலாம் சார்’ என்பது ஒப்பந்தமல்ல.

அனுமதிகள்

- இ-பாஸ்: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவை. 2025 சீசனில் நாள்தோறும் அனுமதிக்கும் வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே எடுக்க வேண்டும். புகைப்படக்காரரின் காரையும் சமையல்காரரின் வேனையும் மறப்பதுதான் வழக்கம். விதிகள் மாறக்கூடியவை என்பதால் புறப்படும் வாரத்தில் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.
- ஒலிபெருக்கி: காவல்துறை அனுமதி வேண்டும். இருபது பேருக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை.
- ட்ரோன்: அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். காட்டின் மேல் பறக்கவிடக் கூடாது. குன்னூரை ஒட்டிய வெலிங்டன் ராணுவப் பகுதி. அங்கே ட்ரோனை வெளியே எடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.
- பிளாஸ்டிக்: தமிழ்நாடு முழுவதும் 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கப், பைகளுக்குத் தடை உண்டு. நீலகிரி, கொடைக்கானல் சாலைகளில் சோதனை இன்னும் கடுமை. தண்ணீர் பாட்டில்கள் பறிமுதலாகும். தாம்பூலத்துக்கு மஞ்சப்பை, தண்ணீருக்கு எவர்சில்வர் கேன், டம்ளர் என்று தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும்.

மூன்று மாத முன்னேற்பாடு

1. *12 வாரத்துக்கு முன்:* சட்ட முறையை முடிவு செய்வது. சிறப்புத் திருமணச் சட்டம் என்றால் தேதியைக் கணக்கிட்டு நோட்டீஸ் கொடுப்பது.
2. *10 வாரம்:* இடத்தைப் பார்த்து முன்பணம் கட்டுவது. இருபது பேருக்கு மேல் பட்டியல் நீண்டால் மண்டபக் கல்யாணத்தின் வேலைகள் அத்தனையும் திரும்பி வந்துவிடும். பட்டியலை இங்கேயே பூட்டிவிட வேண்டும்.
3. *8 வாரம்:* சாட்சிகள் யார் என்று முடிவு செய்வது. மூன்று பேர் இருந்தால் எந்த முறைக்கும் போதும். அவர்களின் அடையாள அட்டை நகலை அப்போதே வாங்கி வைக்கலாம்.
4. *6 வாரம்:* அழைப்பிதழ் அச்சடிப்பது. பத்தே பேர் என்றாலும் இது தேவை. பதிவு அலுவலகத்தில் அழைப்பிதழைக் கேட்பது வழக்கம். பெயர் எழுத்துகள் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். இடமும் நேரமும் தெளிவாக இருக்க வேண்டும்.
5. *2 வாரம்:* உடை முழுவதையும் அணிந்து, காலணியோடு, புல்தரையில் நடந்து பார்ப்பது.
6. *3 நாள்:* வானிலை முன்னறிவிப்பு பார்த்து, வெளியிலா கூரையிலா என்ற முடிவை எடுப்பவர் யார் என்று ஒருவரை நியமிப்பது. மணமக்கள் அந்த வேலையைச் செய்யக் கூடாது. ஆசை கண்ணை மறைக்கும்.
7. *முந்தைய நாள்:* பிற்பகல் மூன்று மணிக்குள் மலை ஏறிவிடுவது.

உடை, மாலை, தாலி

பட்டு ஈரத்தை உறிஞ்சிக் கனக்கும். புல்லில் பனி காயும் முன் நடந்தால் சேலையின் கீழ்க்கரை அரை அடி உயரத்துக்கு நனைந்துவிடும். நடக்கும்போது கொசுவத்தைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, சடங்கு இடத்தில் இறக்கிவிடலாம். உள்ளே மெல்லிய வெப்ப உடை, முழுக்கை ரவிக்கை, கைக்கு எட்டும் தொலைவில் கம்பளிச் சால்வை இருந்தால் 15 டிகிரி குளிரிலும் ஒரு மணி நேரம் நிற்க முடியும். மணமகனுக்கு ஒட்டும் பட்டை வைத்த வேட்டியும் அதற்கு மேல் பெல்ட்டும் வேண்டும். மலைக்காற்றில் வெறும் மடிப்பு நிற்காது. நடந்து வரப் பிடிமானமுள்ள ஷூ, சடங்கின்போது கழற்றி வைக்கப் பாய் என்று பிரித்துக்கொள்வது வசதி.

மாலைகளைச் சமவெளியிலேயே வாங்கி ஏற்றுவது மலிவு. கொடைக்கானலுக்குப் போகிறவர்களுக்கு நிலக்கோட்டைப் பூச்சந்தை வழியிலேயே இருக்கிறது. நீலகிரிக்குக் கோவைச் சந்தை. மல்லிகை வளைவுகளில் குலுங்கி, மூடிய பையில் புழுங்கினால் பழுத்துப்போகும். ஈரத் துணியில் சுற்றி, வாழை இலை விரித்த கூடையில், காற்றுப் படும்படி வைக்க வேண்டும். சம்பங்கியும் ரோஜாவும் குளிரில் நன்றாகத் தாங்கும். ரோஜா மாலை பனியில் நனைந்தால் கழுத்தை இழுக்கும் அளவு கனக்கும் என்பதால் மெல்லிய மாலையாகக் கட்டச் சொல்வது நல்லது.

தாலிக் கயிறு தனிக் கவனம் கேட்கும். ஈரமான மஞ்சள் கயிறு குளிரில் விறைத்துக்கொள்ளும். முதல் முடிச்சு போட்டு இரண்டாவதற்குக் கயிற்றை வளைக்கும்போது முதலாவது நழுவிவிடும். கயிற்றுக்கு இரண்டு நாள் முன்பே மஞ்சள் பூசி, நன்றாக உலரவிட்டு, சிறு துணியில் சுற்றி மணமகன் சட்டையின் உள்பையில் உடல் சூட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுவதற்கு முன் இரு கைகளையும் வெந்நீர் டம்ளரைச் சுற்றி ஒரு நிமிடம் பிடித்தால் விரல் நுனியில் உணர்வு திரும்பும். மணமகளின் பின்னல் முன்பக்கம் எடுத்துப் போடப்பட்டிருக்க வேண்டும். சால்வை இறங்கியிருக்க வேண்டும். மோதிரமும் இதே போலத்தான்: சமவெளியில் சரியாக இருந்தது குளிரில் விரல் சுருங்கித் தளரும். புல்லில் விழுந்த மோதிரத்தைத் தேடுவதைவிட, கீழே ஒரு தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு மாற்றுவது எளிது.

விளக்கு வைப்பவர்கள் குத்துவிளக்குக்குப் பதில் கண்ணாடி சூழ்ந்த அரிக்கேன் விளக்கை வைக்கலாம். காற்றுக்கு அணையாது, தீப்பொறியும் பறக்காது. உறுதிமொழித் தாளைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுத வேண்டும். மைப் பேனா எழுத்து பனியில் கரையும்.

சாப்பாடு

2,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறும் பருப்பும் வேக நேரம் பிடிக்கும். பிரஷர் குக்கர் இல்லாத சமையல்காரரைச் சமவெளியிலிருந்து கூட்டிவந்தால் மதியச் சாப்பாடு மாலைக்குத் தள்ளிப்போகும். உள்ளூர் விடுதிச் சமையலே பாதுகாப்பு. திறந்த வெளியில் உணவு ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும் என்பதால் பந்தியைக் கூடத்துக்குள் வைத்துக்கொண்டு, வெளியே இனிப்பும் சுக்குக் காபியும் மட்டும் கொடுக்கலாம். மீந்த உணவையும் வாழை இலையையும் தோட்டத்தில் கொட்டக் கூடாது; குரங்கும் காட்டுப்பன்றியும் கரடியும் அன்றிரவே வந்து சேரும்.

திருமண நாள் வரிசை

காலை ஒன்பது மணிக்குச் சடங்கு என்று வைத்துக்கொண்டால் இவ்வாறு அமையும். பிற்பகல் சடங்கைத் தவிர்ப்பதற்குக் காரணம் மூடுபனி.

1. 5.30: மணமக்கள் எழுந்து வெந்நீர்க் குளியல். தலைக்குக் குளிப்பதை முந்தைய நாளே முடித்துவிட்டால் ஈரத்தலையோடு குளிரில் நிற்க வேண்டாம்.
2. 6.45: வானிலைப் பொறுப்பாளர் வெளியே போய்ப் பார்த்து முடிவைச் சொல்வது. சொன்ன பின் விவாதம் இல்லை.
3. 7.00: இடத்தைச் சுற்றி ஒருவர் நடந்து பார்ப்பது: விலங்குத் தடம், புதுச் சாணம், வழுக்கும் பாறை, தேனீ நடமாட்டம்.
4. 7.30: எல்லோருக்கும் இட்லி, பொங்கல் போன்ற சிற்றுண்டி. மணமக்களும் சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றோடு குளிரில் நின்றால் மயக்கம் வரும்.
5. 8.15: பாய், தாம்பாளம், மாலை, விளக்கு, நாற்காலிகள் இடத்துக்குப் போதல். மணமக்களின் முகத்தில் பக்கவாட்டில் வெயில் படும்படி நிற்கும் இடத்தைக் குறித்தல்.
6. 8.45: விருந்தினர் நடந்து வருதல். சாட்சிகள் முன்வரிசையில்.
7. 9.00: முன்னின்று நடத்துபவர் இருவரின் முழுப்பெயரையும் தேதியையும் இடத்தையும் சொல்லித் தொடங்குதல்.
8. 9.05: உறுதிமொழி. இதைச் செல்போனில் ஒலியோடு பதிவு செய்தல். காற்றிரைச்சலைக் குறைக்கப் பேசுபவரின் அருகில் நிற்க வேண்டும்.
9. 9.15: மாலை மாற்றுதல், தாலி அல்லது மோதிரம். முகங்களும் மாலையும் தாலியும் சாட்சிகளும் ஒன்றாகத் தெரியும் ஒரு படத்தை எடுத்துவிட வேண்டும். பதிவுக்குப் பயன்படப்போவது அந்தப் படம்.
10. 9.30: பெரியவர்கள் வாழ்த்து, இனிப்பு, காபி.
11. 10.00 முதல் 11.00: படமெடுத்தல். வயதானவர்கள் உள்ளே போய்விடலாம்.
12. 11.00: இடத்தைச் சுத்தம் செய்தல். பூவிதழ், நூல், தீக்குச்சி, காகிதத்தூள் எல்லாவற்றையும் திரட்டிப் பையில் போட்டுக் கீழே கொண்டுவருதல்.
13. 12.00: பந்தி. இரண்டு மணிக்குள் இறங்குபவர்கள் புறப்படுதல்.

வழக்கமாக நேரும் தவறுகள்

- அதே நாளில் மலை ஏறுவது. கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டல் வந்த மணமகள் இரண்டு மணி நேரத்தில் அலங்காரத்தோடு நிற்க முடியாது. முந்தைய நாளே ஏறுவது, முன் இருக்கையில் உட்காருவது, லேசாகச் சாப்பிடுவது, மருத்துவரைக் கேட்டு மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே போடுவது ஆகியவை உதவும்.
- சமூக ஊடகத்தில் பார்த்த பாறையைத் தேடிப் போவது. அவற்றில் பல காப்புக்காட்டிலோ தடுப்புவேலிக்கு அப்பாலோ இருக்கும்.
- சாட்சிகளே புகைப்படக்காரராகவும் ஓட்டுநராகவும் இருப்பது. வண்டியைத் திருப்பப் போனவர் சடங்கைப் பார்த்திருக்கமாட்டார். பார்த்தவர்தான் சாட்சி.
- புகைக்குப்பி, பட்டாசு, வண்ணப்பொடி. தேனீயும் காட்டுத்தீயும் இவற்றால் வரும். பொடி மண்ணிலும் தங்கிவிடும்.
- கூரையைப் பயன்படுத்தாமல் இழுத்தடிப்பது. தூறல் நிற்கும் என்று அரை மணி காத்திருந்தால் மாலையும் சேலையும் நனைந்துவிடும். வராந்தாவில் நடந்த திருமணமும் மலையில் நடந்த திருமணம்தான்.

பாதுகாப்பு

*விளிம்பு.* படம் எடுக்கும்போது ‘இன்னும் ஒரு அடி பின்னால்’ என்று சொல்ல யாருக்கும் உரிமை கொடுக்கக் கூடாது. நிற்கும் எல்லையை முன்பே கல்லாலோ கயிற்றாலோ குறித்துவிட்டு, நகர வேண்டியவர் புகைப்படக்காரரே என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

*தீ.* பிப்ரவரி முதல் மழை வரும் வரை புல் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஓமகுண்டம் வேண்டுமென்றால் சிமெண்ட் தரையுள்ள கூரைக்குக் கீழே, அருகில் இரண்டு வாளித் தண்ணீரோடு, அணைக்கும் பொறுப்பாளரோடு மட்டும்.

*விலங்குகள்.* காட்டுமாடு சாதுவாகத் தெரியும், நெருங்கினால் முட்டும். குறைந்தது 50 மீட்டர் விலகி, அதற்கு வழிவிட்டு, சத்தமில்லாமல் பின்வாங்க வேண்டும். கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிக் கரடிகள் விளக்கில் ஊற்றும் எண்ணெயைத் தேடிக் கோயில் கதவையே உடைத்துவிடுபவை. சடங்கு விளக்கையும் எண்ணெய்க் குப்பியையும் இரவில் வெளியே விட்டுவைக்கக் கூடாது. மாலை ஆறு மணிக்குப் பிறகு தோட்டத்தில் நடமாட்டம் வேண்டாம்.

*தேனீ.* ஒன்றிரண்டு தேனீக்கள் மாலையைச் சுற்றினால் கையை வீசாமல் நிற்கலாம். கூட்டமாக வந்தால் தலையைத் துணியால் மூடிக்கொண்டு கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ ஓட வேண்டும். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ தெரிந்தால் உடனே 108.

*அட்டை.* மழைக்காலப் புல்லில் நடந்தால் ஒட்டும். இழுத்துப் பிய்க்காமல், வாய் ஒட்டிய இடத்தில் நகத்தைச் செருகி நெம்பி எடுத்து, சோப்பால் கழுவ வேண்டும்.

*இடி.* முதல் இடியோசை கேட்டவுடன் அனைவரும் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போக வேண்டும். தனி மரத்தடி ஆபத்து.

*சாலை.* ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இறங்கும்போது தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். மலைச்சாலை பழக்கமில்லாத உறவினரிடம் சாவியைக் கொடுப்பதைவிட உள்ளூர் ஓட்டுநரை வைத்துக்கொள்ளலாம். மது அருந்தியவர் ஓட்டக் கூடாது. இருட்டிய பின் யாருமே இறங்க வேண்டாம்.

*கையில் இருக்க வேண்டிய பை:* முதலுதவிப் பொருள்கள், ஒவ்வாமை மாத்திரை, வலி மாத்திரை, ஓ.ஆர்.எஸ்., டார்ச், குடை இரண்டு, ஊக்கு, ஊசி நூல், பழைய துண்டு, உப்பு, குப்பைப்பை, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் எண்.

பதிவு

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009இன்படி மாநிலத்தில் நடக்கும் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. திருமணம் நடந்த இடத்தின் சார்பதிவாளர் அலுவலகத்தில் மட்டுமே பதிவு செய்யலாம் என்றிருந்தது, 2020 திருத்தத்துக்குப் பின் கணவன் அல்லது மனைவி வசிக்கும் ஊரிலும் செய்யலாம் என்றானது. மலைக்குத் திரும்பவும் போக வேண்டியதில்லை.

1. பதிவுத்துறையின் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி நாள் பெறுவது.
2. வயதுச் சான்று, முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் படங்கள், அழைப்பிதழ், திருமணப் படம், விடுதி ரசீது ஆகியவற்றை அசலோடும் நகலோடும் எடுத்துவைப்பது.
3. மணமக்களும் சாட்சிகளும் அடையாள அட்டையோடு நேரில் போய்க் கையெழுத்திடுவது.
4. அச்சாவதற்கு முன் திரையில் பெயர், தேதி, இடம் மூன்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது. பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் பின்னாளில் காட்டப்போவது இந்தத் தாள். எழுத்துப்பிழையை அங்கேயே திருத்தினால் ஒரு நிமிடம். பிறகு திருத்தப் பல நடை.
5. சான்றிதழ் கிடைத்ததும் நகல்கள் எடுத்து, திருமணப் படத்தையும் உறுதிமொழிப் பதிவையும் அதனோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவது.